கல்விக்கூடத்தைத் தாங்கிய கைகள்
(செங்காங் ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பட்ட உரை)

 

திருக்கோயிலுக்குக் கல் சுமப்பதையும் கல்விக்கூடத்துக்குப் பலகை சுமப்பதையும் நம் முன்னோர் ஒரே புண்ணியமாகக் கருதினர். அதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே உண்டு.

போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946ஆம் ஆண்டில், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி தோன்றியது. கடையநல்லூரிலிருந்து இங்கு வந்து குடியேறிய முஸ்லிம் மக்கள், தங்கள் முஸ்லிம் லீக் அமைப்பின் வாயிலாக அதனை நிறுவினர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரையே பள்ளிக்குச் சூட்டினர். சமய வேறுபாடின்றித் தமிழ்ப் பிள்ளைகள் அங்குக் கற்றனர். 1960ஆம் ஆண்டில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளி என்னும் பெருமை அதற்கே உரியது.

ஆயினும் காலம் மாறிற்று. ஆங்கிலம் கற்றோர்க்கே வேலைவாய்ப்பு என்னும் நிலை வந்தபோது, பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணாத பெற்றோர் எவர்? மாணவர் தொகை குறையக் குறையப் பள்ளி தளர்ந்தது. 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நன்கொடையும் நல்லெண்ணமும் மட்டும் ஒரு பள்ளியைக் காத்துவிட முடியாது என்பதே அது கற்பித்த கசப்பான பாடம்.

எனினும் விதைத்தது வீண்போகவில்லை. அடுத்த ஆண்டே, 1983இல், அப்பெயர் தாங்கிய தமிழ் மொழி நிலையம் பிறந்தது. இன்று அது லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் இயங்குகிறது. அதே சாலையில்தான் 1991ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிண்டாவின் தலைமையகமும் உள்ளது. இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதிக் கழகத்தின் வழியாகச் செல்லும் சிறு தொகை, அங்கே துணைப்பாட வகுப்புகளாக உருவெடுக்கிறது.

அன்று தடுமாறியது பள்ளி. இன்று தடுமாறுவது பள்ளிக்குள் இருக்கும் பிள்ளை. அப்பிள்ளைக்குப் பணத்தினும் முதன்மையாகத் தேவைப்படுவது, அருகமர்ந்து பொறுமையுடன் சொல்லித்தரும் ஒருவர். அன்னதானப் பந்தியில் முகம் கோணாது பரிமாறும் நம் தொண்டூழியர்களின் கைகள், வாரத்தில் ஒரு மாலை புத்தகத்தையும் ஏந்தலாகாதா? ஏற்றுக்கொண்டால் இடைநிறுத்தலாகாது. இரண்டு வாரம் வந்து நின்றுவிடுபவரால், தன்னை எல்லாரும் கைவிடுவர் என்றே அப்பிள்ளை கற்றுக்கொள்ளும்.

செங்காங்கின் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் கற்றவர் உள்ளனர். கல்விக்கு ஏங்கும் பிள்ளையும் உண்டு. இடையே இருப்பது ஒரு மின்தூக்கிப் பயணமே. அதனைக் கடக்க இறையருள் துணைநிற்பதாக!