கடலைக் காக்க நடந்தவர்கள்

(விழா அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாஞ்சில் நாடு என்றவுடன் வயலும் குளமும் மலையும் நினைவிற்கு வரும். அந்நாட்டைத் தன்னுட் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்திற்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரையும் உண்டு. சின்னமுட்டம், மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என நீரோடி வரை மீனவர் ஊர்கள் தொடர்கின்றன. அக்கடலைக் காக்க முனைந்தோர் வரலாறு இன்று நினைக்கத்தக்கது.

கட்டுமரமும் வள்ளமும் மட்டுமே ஓடிய கடலில், விடுதலைக்குப் பின் இழுவைமடி புகுந்தது. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் விசைப்படகுத் தொழிலுக்கு வழி திறந்தது. வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏற ஏற, விசைப்படகுகளும் பெருகின. இழுவைமடி கடலின் அடித்தரையை உரசிச் செல்வது. வேண்டிய இறாலோடு வேண்டாத குஞ்சுகளையும் முட்டைகளையும் ஆமைகளையும் அது வாரிக்கொள்ளும். விலைபோகாதவை செத்தபின் மீண்டும் கடலிலேயே எறியப்படும். கரையோரக் கடலை நம்பிய கட்டுமரத்தார்க்கும் விசைப்படகினர்க்கும் பகை மூண்டது.

இந்நிலையில், 1978இல் பல மாநில மீனவர் அமைப்புகள் ஒன்றுகூடின. கட்டுமர, நாட்டுப்படகு மீனவர் உரிமைக்கும் கடல் வளத்திற்குமான தேசிய மன்றம் என்பது அதன் முதற்பெயர். மக்கள் உரிமையும் கடல் வளமும் பெயரிலேயே இணைந்து நின்றமை கருதத்தக்கது. கோவாவைச் சேர்ந்த மத்தானி சல்தானா அதனைத் தொடக்கத்தில் வழிநடத்தினார். பின்னர் அது தேசிய மீன்தொழிலாளர் பேரவையாயிற்று. அதனைப் பல்லாண்டு தலைமை தாங்கி நடத்திய தாமஸ் கோச்சேரி, கேரளத்தில் 1940இல் பிறந்த கத்தோலிக்கத் துறவி, சட்டமும் பயின்றவர். திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் மீனவரோடு மீனவராக வாழ்ந்தவர்.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓர் அணியும் மேற்குக் கரையிலிருந்து ஓர் அணியும் குமரி நோக்கிப் புறப்பட்டன. ‘நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்’ என்பது அப்பயணத்தின் முழக்கம். வழிநெடுகக் கரையோர ஊர்களில் கூட்டங்கள் நடந்தன. இழுவைமடியின் கேடு மட்டுமன்றி, ஆலைக் கழிவும் அணுஉலையும் பேசுபொருளாயின. கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கு இந்தியாவும் சோவியத் நாடும் உடன்பாடு கண்டது 1988இல்தான். மே முதல் நாள் ஈரணிகளும் கன்னியாகுமரியில் சேர்ந்தபோது பல்லாயிரவர் திரண்டனர். அன்று மூண்ட கலவரத்தில் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். பலர் காயமுற்றனர், கூட்டம் நிறைவுறாமலே கலைந்தது.

பயணம் அவ்வாறு முடிந்தாலும் அதன் நோக்கம் முடிந்துவிடவில்லை. கேரளத்தில் 1988இலேயே மழைக்கால இழுவைமடித் தடை வந்திருந்தது. 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2001 முதல் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. முதலில் 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். குமரி மாவட்டத்திற்கு இதிலொரு தனித்தன்மை உண்டு. கிழக்குக் கரைக்குரிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடை சின்னமுட்டத்திற்குப் பொருந்தும். மேற்குக் கரைக்குரிய ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான தடை குளச்சலுக்குப் பொருந்தும். ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம்.

மீனைப் பிடிப்போர் கடலைக் காப்போர் ஆவரோ என்னும் ஐயம் இவ்வவையில் எழுவது இயல்பே. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட இல்லறத்தார்க்கு அத்தொழில் உடன்பாடன்று. அதனை மறைக்க வேண்டுவதில்லை. தடைக்காலம் பெரும்பாலும் விசைப்படகுகளையே கட்டுப்படுத்துவதால், நாட்டுப்படகினர்க்கு அதில் ஆதாயம் உண்டு என்பதும் மெய்யே. ஆயினும் அம்மக்கள் கேட்டது என்ன? கடலுயிர்கள் இனம் பெருக்கும் காலத்தில் அவற்றை விட்டுவைக்க வேண்டும். அடித்தரையைச் சுரண்டும் மடிக்கு எல்லை வேண்டும். இன்றே அனைத்தையும் வாரிக்கொள்ளும் பேராசைக்கு அணை வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்று நூல்கள் வகுத்த அறத்தின் ஒரு சாயல் அக்கோரிக்கையில் இல்லையென்று எவர் கூறுவார்?

மேலும், கடலின் கேடு கடலில் மட்டும் பிறப்பதன்று. ஆற்றில் எறியும் நெகிழிப்பையும், ஆலையிலிருந்து வழியும் சாயநீரும் இறுதியில் சேருமிடம் கடலே. வலையைத் தொடாதவர் கையாலும் கடலுயிர் மடியக்கூடும். ஆதலின் மீனவரை மட்டும் சுட்டி ஒதுங்கிவிடும் உரிமை உள்நாட்டார் எவர்க்கும் இல்லை.

1999இல் நார்வே நாட்டின் சோஃபி பரிசு தாமஸ் கோச்சேரிக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 2014 மே 3ஆம் நாள் அவர் மறைந்தார். அவரோடு நடந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தடைக்காலத்தில் குளச்சல் துறைமுகத்தில் அசையாமல் நிற்கும் விசைப்படகுகளைக் காண்போர், அவ்வமைதிக்குப் பின்னே நீண்டதொரு நடை உண்டு என்பதை நினைவிற் கொள்க.