முதலில் தண்ணீர்

(கிளிநொச்சியில் விவசாயக் கூலித் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தேயிலை மலையில் மருந்து டாங்கி சுமந்த முதுகுதான் இன்று வயலிலும் சுமக்கிறது. ஆகவே இன்று சம்பளத்தைப் பற்றியல்ல, தோலைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாணவியின் தகப்பனுக்கு டாங்கி ஒழுகி, களைநாசினி முதுகில் இறங்கியது. நிறுத்தினால் அரைப் பேர்தான் விழும் என்று ஈரச் சட்டையோடே அடித்து முடித்தார். இரவு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினார்கள். புண் பழுத்து, இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. அரைப் பேரைக் காக்கப்போய் இரண்டு மாதப் பேரை இழந்தார்.

இரசாயனம் தோலில் இருக்கும்வரை தின்றுகொண்டே இருக்கும். சீமெந்தும் சுண்ணாம்பும் முதலில் வலிக்காது. ஆழமாக இறங்கிய பிறகே வலி தெரியும். ஆகவே வலிக்காகக் காத்திருக்காதீர்கள்.

உடுப்பை உடனே கழற்றுங்கள். தூள் என்றால் முதலில் தட்டி அகற்றுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லையென்றால் வாளி வாளியாக ஊற்றுங்கள். பீடைநாசினி என்றால் சவர்க்காரமும் போடுங்கள். அமிலத்துக்குச் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்குத் தேசிக்காய் என்று மாற்று வைத்தியம் வேண்டாம். அதுவே சூட்டைக் கிளப்பும். பற்பசையும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண், முகம், கை, மறைவிடம் என்றால் தாமதிக்கவே கூடாது. 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போத்தலின் லேபிளையும் கொண்டுபோங்கள். என்ன மருந்து என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

2008 முதல் 2011 வரை நம் நாட்டில் டைமெதோயேட், பென்தியோன், பரக்குவாட் மூன்றும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பரக்குவாட் புண்பட்ட தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கி ஆளைக் கொல்லும். பழைய போத்தல் எங்காவது கிடந்தால் திறக்காதீர்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஏற்புவலித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மருந்து கட்டும் நாளைத் தவறவிடாதீர்கள். சீழ், காய்ச்சல் கண்டால் திரும்பவும் போங்கள். மூட்டில் பட்டிருந்தால், சொல்லித்தரும் பயிற்சியைச் செய்யாவிட்டால் தோல் இறுகி மடங்கிவிடும். ஆறிய தோலை வெயிலில் காட்டாமல் மூடுங்கள்.

வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டும்: ஆஸ்பத்திரித் துண்டு, திகதி, கூட நின்றவரின் பெயர். எழுதி வையுங்கள், எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள்.

நாளைக்கே முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: மருந்தடிக்கும் வரம்பில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர், ஒரு சவர்க்காரம், ஒழுகாத டாங்கி. தனியாகக் கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்பார்கள். எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.