ஒரு நாளில் எந்தக் கோட்டை?
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு மிகவும் எளிமையானது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பவர்களுக்குக் கோயில், கலியாண வீடு, உறவினர் வீடு எல்லாம் போக மிஞ்சுவது ஒரு நாள். அந்த ஒரு நாளில் எங்கள் பக்கத்துக் கோட்டைகளில் எவற்றைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள் என்றார்கள். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவளிடம் இப்படிக் கேட்டால் அவள் பத்துக் கோட்டையின் பெயரைச் சொல்லுவாள். நான் இன்றைக்கு மூன்றே மூன்று இடங்களைத்தான் சொல்லப் போகிறேன். மற்றவற்றை ஏன் விடச் சொல்கிறேன் என்பதையும் சொல்லுவேன்.

உங்கள் பேரப்பிள்ளைகள் கோட்டை பார்க்காத பிள்ளைகள் அல்லர். லண்டனில் இருப்பவர்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் லண்டன் கோபுரத்துக்குப் போயிருப்பார்கள், விண்ட்சரைப் பார்த்திருப்பார்கள். அங்கே எல்லாம் துப்புரவாக, விளக்கப் பலகையோடு, தேநீர்க் கடையோடு இருக்கும். அதைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் கோட்டைகள் இடிந்த சுவராகத்தான் தெரியும். "அம்மம்மா, இதில பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்க வேண்டும். எந்தக் கோட்டைக்குப் போவது என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் எங்களிடம் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் கோட்டை எல்லோருக்கும் தெரிந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிறது கடற்கோட்டை; ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். ஊர்காவற்றுறையில் போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டை ஒன்றின் இடிபாடு இருக்கிறது. நெடுந்தீவில் பவளக் கல்லால் கட்டிய கோட்டை ஒன்று. நீரேரிக்கு அப்பால் பூநகரிக் கோட்டை. இன்னும் தெற்கே போனால் 1560இல் போர்த்துக்கேயர் பிடித்துக் கட்டிய மன்னார்க் கோட்டை. ஆனையிறவிலும் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டை ஒன்று இருந்தது. பிறகு அது தங்குமடமாக இருந்ததை எங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். யுத்தம் அதை விட்டுவைக்கவில்லை.

இவற்றில் தெரிவு செய்வதற்கு நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஒன்று, வானில் வருகிறவர்களில் வயது கூடியவருக்கு அங்கே ஏறி இறங்க முடியுமா, நிழலும் தண்ணீரும் மலசலகூடமும் உண்டா? இரண்டு, ஒரு பிள்ளை பார்த்து விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அங்கே ஏதும் மிஞ்சி நிற்கிறதா? மூன்று, முன்னர் பார்த்த இடம் சொல்லாத எதை இந்த இடம் சொல்லுகிறது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரே நாளில் ஐந்து கோட்டை பார்த்தால் பிள்ளையின் மனதில் ஐந்தும் ஒரே சுவராகிவிடும்.

நெடுந்தீவு தனியாக ஒரு நாளைக் கேட்கும். குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். திரும்பும் படகை விட்டால் இராத்தங்கல்தான். அங்கே குதிரைகள், பெருக்க மரம், கல் வேலிகள் என்று பார்க்க நிறைய உண்டு. அதை அரைகுறையாகப் பார்ப்பது அந்தத் தீவுக்குச் செய்யும் அநியாயம். பூநகரியும் மன்னாரும் ஒரே தெருவில் இருக்கின்றன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு நாவற்குழியால் திரும்பி, கேரதீவு தாண்டி நேரே போகலாம். கொழும்புக்கு மன்னார்ப் பக்கத்தால் திரும்புகிறவர்கள் அந்தப் பயணத்திலேயே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இந்த மூன்றையும் இன்றைய கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

இனி நான் சொல்லும் நாள். தெல்லிப்பழையிலிருந்து காலை ஏழு மணிக்கு முதல் வெளிக்கிடுங்கள். வெளிக்கிட முன்னர் பிள்ளைகளுக்கு ஒரு விடயம் சொல்லுங்கள். எங்கள் ஊரும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் தெல்லிப்பழையில் தேவாலயம் இருந்தது. ஒல்லாந்தரோடு வந்த பல்தேயஸ் பாதிரியார் 1672இல் வெளியான தமது நூலில் இந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1816இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் வந்து குடியேறிப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் அந்தப் பழைய தேவாலய வளவில்தான். கோட்டைக்குள் இருந்தவர்களின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி.

முதலாவது இடம் நல்லூர். அங்கே கோட்டை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதனால்தான் அங்கே முதலில் போகச் சொல்கிறேன். யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூர். 1619இல் போர்த்துக்கேயர் பிலிப் த ஒலிவேராவின் தலைமையில் அதைப் பிடித்தார்கள். சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் கொன்றார்கள். 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். இன்று யமுனா ஏரியும், சங்கிலித் தோப்பு வளைவும், மந்திரிமனையும் இருக்கின்றன. வளைவும் மந்திரிமனையும் இப்போதுள்ள வடிவில் ஒல்லாந்தர் காலத்துக்கோ அதற்குப் பிறகோ உரியவை என்றே ஆய்வாளர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே, "இதுதான் சங்கிலியனின் அரண்மனை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். "அரண்மனை இருந்த மண் இது, அதில் ஒரு சுவரும் மிஞ்சவில்லை" என்று சொல்லுங்கள். அது உண்மை, அந்த உண்மைக்கே கனம் உண்டு. நல்லூரில் முக்கால் மணித்தியாலம் போதும்.

இரண்டாவது, யாழ்ப்பாணக் கோட்டை. வெயில் ஏற முதல், எட்டரை மணியளவில் அங்கே நில்லுங்கள். தலைநகரை நல்லூரில் பிடித்தவர்கள் கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கொத்தளத்தில் ஏறிப் பண்ணைக் கடலைப் பார்த்தால் அவர்களே விடை சொல்லுவார்கள். கடலால் வந்தவனுக்கு முதுகுப் பக்கம் கடல் இருக்க வேண்டும். உதவியும் உணவும் அதனால்தான் வரும். கோட்டை இங்கே வந்ததால் பட்டினமும் நல்லூரை விட்டு இங்கே வளர்ந்தது. ஆனால் போர்த்துக்கேயர் வந்துதான் இந்தக் கரைக்கு உயிர் வந்தது என்று நினைக்க வேண்டாம். கோட்டைக்குள் நடந்த அகழாய்வுகளில், அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்திய கடல் வணிகத்தின் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

போர்த்துக்கேயர் கட்டியது நாற்சதுரக் கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிறகு அதை மாற்றி ஐந்து மூலையும் ஐந்து கொத்தளமும் வைத்துக் கட்டினார்கள். ஏன் இந்த நட்சத்திர வடிவம்? நேர்ச் சுவருக்கு அடியில் எதிரி வந்து ஒட்டிக்கொண்டால் மேலேயிருப்பவனுக்கு அவன் தெரியமாட்டான். மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றால், ஒரு மூலையிலிருந்து மற்ற மூலையின் அடிவாரத்தைச் சுடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். அங்கேயே நின்று காட்டுங்கள். வெளிச் சுற்றுக் கட்டுமானத்தை 1792இல் முடித்தார்கள். மூன்று வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்தபோது சண்டையில்லாமல் கையளித்தார்கள். அவ்வளவு கல்லும் அவ்வளவு கூலியும் ஒரு வெடி தீராமல் கைமாறியது.

இங்கே ஒரு விடயம் பேச வேண்டும். எங்கள் தலைமுறைக்குக் கோட்டை என்பது பழங்கதை அல்ல. சிறைச்சாலையாகவும் இராணுவ முகாமாகவும் அதை நாங்கள் அறிவோம். 1990இல் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை அதைச் சுற்றி நடந்த யுத்தத்தில் அயலே தரைமட்டமானது. 1706இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயம் அந்த யுத்தத்தில் அழிந்தது. அதன் கற்குவியலை இன்றும் காணலாம். அதே வருடத்தில்தான் வலிகாமம் வடக்குச் சனங்களாகிய நாங்கள் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டு வெளிக்கிட்டோம். சிலருக்குத் திரும்பி வர இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. கோட்டைக்குள் கால் வைக்க மனம் வராது என்று என்னிடம் சொன்ன பழைய மாணவிகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். அவர்கள் வெளியே மரநிழலில் இருக்கட்டும். போகிறவர்கள் கொத்தளத்தில் நின்று மறுபக்கம் பாருங்கள். முற்றவெளி தெரியும், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிரிழந்தவர்களின் நினைவுத் தூபி அங்கே இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகமும் அங்கேதான். கோட்டையைப் பார்ப்பதென்றால் அது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாற்றான் கட்டிய கோட்டையைப் பார்க்க ஏன் போக வேண்டும், அதைத் திருத்தக் காசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேல்ஸ் நாட்டில் கேர்னாவன் என்று ஒரு கோட்டை இருக்கிறது. வேல்ஸ் மக்களை அடக்குவதற்கென்று இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வேட் 1283இல் கட்டத் தொடங்கியது. இன்று வேல்ஸ் மக்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டுபோய், தங்கள் மொழியிலேயே அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். லண்டன் கோபுரத்தைத் தொடக்கியவனும் நோர்மண்டியிலிருந்து படையெடுத்து வந்தவன்தான். கல்லை யார் அடுக்கினான் என்பதோடு கதை முடிவதில்லை. அந்தக் கல்லைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லுகிறவள் யார் என்பதும் கதையில் சேர்ந்ததுதான். எங்கள் கோட்டைகளின் கதையை நாங்கள் சொல்லாவிட்டால் விளக்கப் பலகை எழுதுகிறவர் சொல்லுவார்.

மூன்றாவது, கடற்கோட்டை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணை கடந்து ஊர்காவற்றுறைக்குப் போங்கள். துறையில் நின்றாலே கடற்கோட்டை முன்னால் தெரியும். அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை' ஓடுகிறது. இந்தப் பிள்ளைகள் அப்படியொரு மிதவையில் ஏறியிருக்கமாட்டார்கள். உங்கள் வான் அதில் ஏறுமா, எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். ஏறாதென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வட்டுக்கோட்டை, பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகருக்குப் போகலாம். கோட்டை இப்போது கடற்படையினரின் பொறுப்பில் விடுதியாக இருக்கிறது. படகையும் அவர்களிடமே ஒழுங்கு செய்ய வேண்டும். படகு ஏற இயலாதவர்களுக்குக் கரையிலிருந்து பார்ப்பதே போதும்.

யாழ்ப்பாணக் கோட்டை சொல்லாத எதை இது சொல்லுகிறது? நீரேரிக்குள் வரும் கப்பல்களுக்கு இதுதான் வாசற்கதவு. வாசலைப் பிடித்தவன் வீட்டைப் பிடித்தான். ஒல்லாந்தர் இலங்கையைப் பன்றித் தொடை வடிவில் கண்டு, இதை அதன் குதிகால் என்று பெயரிட்டார்கள். எங்கள் நிலத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அந்தப் பெயரே காட்டுகிறது. 1658இல் இங்கே இருந்த போர்த்துக்கேயர் பணிந்தது தண்ணீர் இல்லாமல். சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. கிணற்று நீரை நம்பி வாழ்கிற எங்கள் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் தேவையில்லை. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு தெற்கத்தைய இளைஞர்களையும் இங்கே அடைத்து வைத்தார்கள். கோட்டை எந்த மொழிக்காரனையும் விட்டுவைத்ததில்லை.

காரைநகரில் சாப்பிட்டு, வெயில் தணிய பொன்னாலைப் பாலத்தால் சுழிபுரம், பண்டத்தரிப்பு, அளவெட்டி வழியாக வீட்டுக்கு வந்துவிடலாம். போன தெருவால் திரும்ப வேண்டியதில்லை. தொப்பி, குடை, வீட்டுத் தண்ணீர், நல்ல செருப்பு ஆகியவற்றை மறக்க வேண்டாம். பவளக் கற்கள் உப்புக் காற்றில் அரித்துப்போனவை. சுவரின் ஓரத்தில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். கல்லை நினைவுப் பொருளாக எடுத்துவரவும் விடாதீர்கள்.

இழந்தது ஒன்று, இழப்பித்தது ஒன்று, வாசலைக் காத்தது ஒன்று. இந்த ஒழுங்கில் பார்த்தால் மூன்றும் சேர்ந்து ஒரே கதையாகும். அந்தக் கதையின் கடைசிப் பகுதி எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அது உங்களிடம் இருக்கிறது. 1990இல் எந்தத் தெருவால் போனீர்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தீர்கள், கிணற்றடியில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதை வான் வீடு திரும்பும்போது சொல்லுங்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளட்டும். அடுத்த நூற்றாண்டு மலருக்கு எழுதுகிறவர்கள் அதைத் தேடுவார்கள்.