நத்தைக்கல்லும் நம் பிள்ளைகளும்

(ஆலயப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற ஆரம்பப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டிலே நன்றி கூறுவதும், முன்னோரை நினைவுகூர்வதும் நமது மரபு. அவற்றையெல்லாம் விழா மேடையில் தக்கவர்கள் செய்வார்கள். இன்று உங்கள் முன் நான் ஒரு பாவ அறிக்கையோடு தொடங்க விரும்புகிறேன். வழக்கமாக நீங்கள் சொல்வீர்கள், நான் கேட்பேன். இன்று நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பு, குருப்பட்டம் பெற்ற புதிதில், இந்த மண்ணிலேயே வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு நாள் மறைக்கல்வி வகுப்பில் நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். உள்ளங்கை அகலம், ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு, வரிவரியாக இருந்தது. நம் பக்கத்தில் நத்தைக்கல் என்று சொல்வோமே, அதுதான். "சாமி, இது கடல்ல இருக்கிற சங்கு மாதிரி இருக்குதுங்க. நம்ம ஊர்ல ஏதுங்க கடலு?" என்று கேட்டான்.

நான் மெய்யியலும் இறையியலும் கற்றவன். ஆயினும் அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நோவா காலத்து வெள்ளத்திலே வந்திருக்கும், போய் உட்கார் தம்பி" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் ஒருவர் வந்து, "சாமி, என்னைத் தெரியுதுங்களா?" என்றார். அந்தச் சிறுவன்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். "அந்தக் கல்லு இன்னும் வீட்டுல இருக்குதுங்க சாமி. எம் மக பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனா. இங்கே நெசமாவே கடல் இருந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்களாம். அப்ப நீங்க சொன்னது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவருடைய மகளுக்குக் கிடைத்த விடை அவருக்கே கிடைக்காமற்போனது என்னால் அல்லவா?

அன்றிலிருந்து நான் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இன்று கடல் நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் பெரும்பரப்பைக் கடல் மூடியிருந்தது. நத்தைக்கல் என்று நாம் சொல்வது உண்மையில் நத்தையன்று. கணவாய் மீனுக்கு உறவான, ஓடுள்ள ஒரு கடற்பிராணி. விஞ்ஞானிகள் இதனை அம்மோனைட்டு என்பார்கள். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே இந்த இனமும் உலகெங்கும் அற்றுப்போயிற்று. ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரிலே கல்லாகிக் கிடக்கும் மரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ளது. அது 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கூறப்படுகிறது. அதனை 1940-இல் உலகறியச் செய்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் என்ற தமிழர்.

அவருக்கும் முன்னால், ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதியின் பாறைகளை ஆராய்ந்து, 1862-இல் நூலாக வெளியிட்டார். அதே மனிதர் 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலைப் பனிக்கும் நம் நாட்டுப் பருவமழைக்கும் தொடர்பு உண்டென்று 1884-இல் எழுதியவரும் அவரே. நம் ஊர்க் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கியவர், வானத்து மழையையும் கணக்கிடும் நிலைக்கு வந்தார். மண்ணும் வானும் ஒரே பாடம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் மண்ணிலே நாம் குடியிருக்கிறோம். காரை ஊரின் ஓடைச் சரிவுகளைப் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் பேருந்தில் வருகிறார்கள். நம் பிள்ளைகளோ "புவி எத்தனை அடுக்குகளைக் கொண்டது?" என்ற வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. கையால் தொடாததை மனம் எப்படி வைத்திருக்கும்?

நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியதை ஆசிரியர்கள் அறிவார்கள். அந்த வழியிலே, நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே பூமியையும் வானத்தையும் மழையையும் கற்பிக்க முடியும். பொருளாளர் கவலைப்பட வேண்டாம். செலவு மிகக் குறைவு. நான்கு காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காலடிக் கணக்கு. பள்ளி மைதானத்தில் ஒரு காலடிக்கு 1 கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டு, இன்றிலிருந்து பின்னோக்கிப் பிள்ளைகள் நடக்கட்டும். ஏழாவது அடி வைப்பதற்குள் நத்தைக்கல்லின் கடைசிக் காலம் வந்துவிடும். 12-ஆம் அடியில் சாத்தனூர் மரம். பூமி பிறந்த நாளை எட்ட 450 அடிக்குமேல் நடக்க வேண்டும். மைதானம் போதாது, சாலைக்கே போய்விடுவார்கள். அந்தக் கணக்கில் ஆண்டவர் இயேசு பிறந்து கடந்த 2,000 ஆண்டுகள் ஒரு தலைமயிரின் தடிப்புத்தான். நம் பொன்விழாவின் 50 ஆண்டுகள் கண்ணுக்கே தெரியா! இதை நடந்து பார்த்த பிள்ளைக்குக் கோடி என்பது வெறும் சுழியங்களாக இராது.

இரண்டாவது, எலுமிச்சைச் சோதனை. சுண்ணாம்புக் கல்லை ஆசிரியர் பொடித்துக் கொடுக்கட்டும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். நுரைப்பது கரியமில வாயு. பழங்காலக் கடலில் சிப்பிகளும் சிற்றுயிர்களும் தங்கள் ஓட்டிலே பூட்டி வைத்த வாயு அது. அதே கல்லைச் சிமெண்டு ஆலைச் சூளையில் சுடும்போதும் அதே வாயு வெளியேறுகிறது; எரிக்கும் நிலக்கரியின் புகையும் அதோடு சேர்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருவதாக மதிப்பிடுகிறார்கள். அந்த வாயு மிகுவதால்தான் பூமி சூடேறுகிறது.

நான் ஆலைகளைக் குறை கூற வரவில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு அதுவே சோறு. இந்த ஆலயச் சுவரிலும் அந்தக் கடல் இருக்கிறது. ஆனால் நம் கையிலுள்ள பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை அறிந்து வளரும் பிள்ளைதான், நாளை அதே தொழிலை இன்னும் நல்ல முறையில் நடத்த வழி கண்டுபிடிக்கும்.

மூன்றாவது, நிழல் கம்பு. ஒரு மீட்டர் கம்பை வெயிலில் செங்குத்தாக நட்டு, மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சுண்ணாம்புக்கட்டியால் குறிக்கட்டும். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். நம் ஊரில் அது கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. ஏப்ரல் மாதத்தில் 12 மணி 13, 14 நிமிடத்துக்கு வரும். ஏனென்றால் நாட்டின் கடிகாரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையைக் கொண்டு வைக்கப்பட்டது; நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்டு 23 வாக்கிலும், அந்த நேரத்தில் கம்புக்கு நிழலே இராது. அதே ஏப்ரல் நாளில் டில்லியில் நட்ட கம்புக்கு அவ்வூர் நண்பகலில் 30 சென்டிமீட்டர் அளவுக்கு நிழல் இருக்கும். டில்லியில் வேலை செய்யும் உங்கள் உறவினரிடம் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். பூமி தட்டையாயிருந்தால் இந்த வேறுபாடு வருமா? 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் எரட்டோஸ்தனீஸ் என்ற அறிஞர் இப்படி நிழலை அளந்தே பூமியின் சுற்றளவைக் கணித்தார்.

நான்காவது, மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாட்டில், ஓர் அளவுகோல், இவ்வளவே. வானிலைத் துறையார் அளப்பது போலத் தினமும் காலை 8.30-க்குப் பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். நம் பள்ளிக் கட்டடத்தில் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மேற்கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் 80 குடம்! குடத்தோடு குழாயடியில் நின்ற தாய்மார்களே, இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியும். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது மழைநீர்க் குழாய் பொருத்தினோம். எத்தனை வீடுகளில் அது இன்று வேலை செய்கிறது? பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டினால் தகப்பன் குழாயைச் சரிசெய்வார்.

மழை குறைந்தால் மட்டுமல்ல, மிகுந்தாலும் ஆபத்துத்தான். 1956 நவம்பர் 23 அன்று, பெருக்கெடுத்த மருதையாறு அரியலூர் அருகே ரயில் பாலத்தைக் குலைத்ததையும், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆற்றின் போக்கையும் மழையின் அளவையும் அறிந்து வைத்திருப்பது உயிர் காக்கும் அறிவு.

இனி, உங்கள் மனத்திலுள்ள இரண்டு கேள்விகள்.

"சாமி, 12 கோடி ஆண்டு என்றால் வேதாகமத்துக்கு விரோதமில்லையா?" இல்லை. தொடக்க நூல் பூகோளப் பாடநூலன்று. உலகைப் படைத்தவர் யார், அதில் மனிதனுடைய இடம் என்ன என்பதை அது போதிக்கிறது. பாறையின் வயதைப் பாறையிடமே கேட்க வேண்டும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்தர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ஒரு முழுச் சுற்றுமடலையே பூமியாகிய நம் பொது இல்லத்துக்காக எழுதினார். விசுவாசத்துக்கு ஆபத்து, பிள்ளையின் கேள்வியால் வருவதில்லை. என்னைப் போன்றவர்கள் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதால் வருகிறது.

"கல்லையும் நிழலையும் பார்த்துக்கொண்டிருந்தால் மார்க்கு வருமா?" வரும். அதைவிட முக்கியமானது ஒன்றும் வரும். மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற நம் குடும்பங்களுக்கு, எப்போது எவ்வளவு பெய்தது என்ற கணக்கு, கடன் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு.

முடிவாக ஒரு விண்ணப்பம். இந்த ஆலயத்திலே 50 ஆண்டுகளாக ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. திருமணப் பதிவேடு இருக்கிறது. அடக்கப் பதிவேடும் இருக்கிறது. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று ஒரு நாளும் தவறாமல் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் நம்மையெல்லாம் வாழவைத்த மழையை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு நாள் மழையைக் கொண்டு பருவநிலையைச் சொல்ல முடியாது. 30 ஆண்டுக் கணக்காவது வேண்டும் என்பார்கள். முதல் ஆண்டிலேயே நம் முன்னோர் தொடங்கியிருந்தால், மழை மாறியிருக்கிறதா இல்லையா என்று இன்று நாம் திண்ணையில் வாதாட வேண்டியதில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்திருப்போம்.

ஆகவே, பொன்விழாக் காணிக்கையாக நம் பள்ளிக்கு மூன்று பொருள்கள் கேட்கிறேன்: ஒரு மழைமானி, ஒரு நிழல் கம்பு, ஒரு கல் அலமாரி. வயலில் கிடைத்த நத்தைக்கல் உங்கள் வீட்டில் இருந்தால், விலைக்குக் கொடுத்துவிடாமல், கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளைகளின் அலமாரிக்குக் கொடுங்கள். சாத்தனூர்ப் பூங்காவிலிருந்து மட்டும் ஒரு சில்லுகூட எடுக்க வேண்டாம். அது நாட்டின் சொத்து. ஆசிரியர்களே, ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைச் சாத்தனூருக்கும், வாரணவாசியிலுள்ள புதைபடிம அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். வண்டிச் செலவுக்குப் பங்கு பொறுப்பு.

மழைப் பதிவேட்டின் முதல் பக்கத்தை வரும் திங்கட்கிழமை காலை 8.30-க்கு நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். மழை இல்லையென்றால் சுழியம் என்று எழுதுவார்கள், அதுவும் கணக்குத்தான். 75-ஆம் ஆண்டு விழாவுக்கு நான் இருப்பேனோ, இறைவனே அறிவார். ஆனால் அன்றைய பங்குத்தந்தையின் மேசைமேல் 25 ஆண்டுகளின் மழைக்கணக்கு இருக்கும். அவரிடம் ஒரு சிறுவன் கல்லோடு வந்து கேள்வி கேட்டால், அவர் என்னைப் போல அவனை உட்காரச் சொல்லாமல், அவனோடு எழுந்து வெளியே போய்ப் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும், உங்கள் பிள்ளைகளையும், நம் மண்ணையும் மழையையும் ஆசீர்வதிப்பாராக.