கணினித் திரை துடிக்கும்போது



ஒரு மரத்தில் பால் குறைந்தால் உடனே அம்மரத்தையா வெட்டிச் சாய்க்கிறோம்? கத்தி கூராக உள்ளதா, வெட்டு சரியான ஆழத்தில் விழுந்ததா, இரவில் மழை பெய்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணினியின் திரை துடிக்கத் தொடங்கினாலும் இம்முறையே ஏற்றது. பதற்றத்தில் புதிய திரை வாங்கிவிட்டுப் பின்னர்க் கம்பிதான் தளர்ந்திருந்தது என்று அறிந்தால், வியர்வை சிந்திச் சேர்த்த பணம் வீணன்றோ?

திரையிலுள்ள படம் அசையாது நிற்பதுபோல் தோன்றினும், பெரும்பாலான திரைகளில் அது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இதனை 60 ஹெர்ட்ஸ் என்பர். படம் வரும் வழியிலோ மின்சாரத்திலோ தடை ஏற்படின் திரை துடிக்கும். ஆகவே, பின்வரும் வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, வீட்டு விளக்கும் சேர்ந்து மங்கி மங்கி எரிகிறதா? ஆம் எனில், குற்றம் மின்சாரத்திலோ வீட்டுக் கம்பிகளிலோ இருக்கலாம். தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து, தகுதி பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். மின்சாரச் சோற்றுப் பானையையும் இஸ்திரிப் பெட்டியையும் கணினி பொருத்திய நீட்டிப்புக் கம்பியிலேயே பொருத்துதல் கூடாது.

இரண்டாவது, கணினியை அணைத்து, திரையின் கம்பியை இரு முனைகளிலும் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்துங்கள். திருகாணி இருப்பின் முடுக்குங்கள். துடிப்பு நீங்காவிடில், அண்டை வீட்டாரிடம் அதே வகைக் கம்பியை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, கணினியிலிருந்து படம் கொண்டுவரும் கம்பியை மட்டும் கழற்றுங்கள். இணைப்பு இல்லை என்னும் அறிவிப்பு திரையில் சில நொடிகள் தோன்றும். அவ்வறிவிப்பும் துடித்தால் கோளாறு திரையிலோ அதன் மின்னிணைப்பிலோ உள்ளது. அது அசையாது நின்றால், திரையைக் குறை கூறுவதற்கில்லை. கம்பியையோ கணினியையோதான் ஆராய வேண்டும்.

நான்காவது, விண்டோஸ் கணினியாயின் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்னும் கட்டம் திறக்கும். அதுவும் சேர்ந்து துடித்தால், திரையை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளைப் புதுப்பிக்கவோ பழைய நிலைக்கு மாற்றவோ வேண்டியிருக்கும். அது மட்டும் துடிக்காதிருப்பின், அண்மையில் சேர்த்த ஏதேனும் ஒரு செயலியே காரணமாகலாம். அதனை நீக்கிப் பாருங்கள். திரை அமைப்பில் யாரேனும் வேகத்தை மாற்றியிருந்தால், மீண்டும் 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருக.

மடிக்கணினியாயின், மூடியை மெல்ல அசைக்கும்போது துடிப்பு கூடிக் குறைகிறதா என்று கவனியுங்கள். அவ்வாறாயின் கீல் வழியே செல்லும் கம்பி தேய்ந்திருக்கக்கூடும். அதனைக் கடைக்காரரிடம் விடுவதே நலம்.

எக்காரணங்கொண்டும் திரையின் பின்மூடியைத் திறவாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். இடி மின்னல் நெருங்குமுன்னரே கணினியின் இணைப்புகளைக் கழற்றி வையுங்கள். வலிப்பு நோயுள்ளவர் வீட்டில் இருப்பின், துடிக்கும் திரையின்முன் அவரை அமர விடாதீர்கள். விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னரும் குறை நீங்கவில்லையெனில், கடைக்குச் செல்லுங்கள். என்னென்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழுது பார்ப்பவருக்கு நேரம் மிச்சமாகும். தேவையற்ற பொருளுக்கு நீங்கள் பணம் கொடுக்கவும் நேராது. இச்சோதனைகளைப் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டே செய்யுங்கள்; அடுத்த முறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.