ஞானம் பாடியோரும் நீதி கேட்டோரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றவுடன் உமறுப்புலவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் நினைவுக்கு வருவர். அவ்வரிசையில் மூன்று பெண்பாற் புலவர்களையும் வைத்து எண்ணுதல் வேண்டும். இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள் 'மெய்ஞ்ஞான மாலை' இயற்றினார். தென்காசி ரசூல் பீவி 'ஞானாமிர்த சாகரம்' தந்தார். கீழக்கரை ஆசியா உம்மா 'மெய்ஞ்ஞான தீப இரத்தினம்' பாடினார். சூஃபி ஞானநெறியில் நின்று, மறையின் உட்பொருளைத் தாம் உணர்ந்தவாறே இவர்கள் தமிழில் வழங்கினர். சமயப் பொருளை விளக்கும் தகுதி பெண்ணுக்கு உண்டா என்னும் வினாவுக்குத் தமிழகம் என்றோ விடை கூறிவிட்டது எனலாம்.

ஆயினும், அவ்விடை பாட்டின் எல்லையோடு நின்றுவிட்டது. ஞானம் பாடப் பெண்ணுக்கு இடம் இருந்தது. நியாயம் பேசும் அவையில் இடம் இல்லை. ஊர் ஜமாஅத் என்பது பள்ளிவாசலைச் சார்ந்து இயங்கும் ஆண்களின் அவை. மணவிலக்கு, மஹர், சீதனம், பிள்ளைகளின் பராமரிப்பு ஆகிய வழக்குகள் அங்கே பேசப்படுகின்றன. வழக்குக்குரிய பெண்ணோ பல ஊர்களில் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். தந்தையோ உடன்பிறந்தானோ சொல்வதே அவளது வாக்குமூலம் ஆகிறது. பனியன் கம்பெனியில் உழைத்துத் தன் குடும்பத்தைத் தானே தாங்கும் பெண்ணாயினும், தலைக்கட்டுக் கணக்கில் ஓர் ஆணின் பெயருக்குப் பின்னே மறைந்துவிடுவதே வழக்கம்.

இந்நிலையை எதிர்த்து எழுந்த குரல் புதுக்கோட்டையினது. அங்கு 'ஸ்டெப்ஸ்' என்னும் பெண்கள் அமைப்பைத் தோற்றுவித்த தாவூத் ஷரீஃபா கானம், 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்கள் கூடி, பெண்ணின் முறையீட்டை அவள் வாயாலேயே கேட்டனர். எதிர்த்தரப்பினரையும் அழைத்துப் பேசினர். பெண்களுக்கெனப் பள்ளிவாசல் எழுப்பவும் முனைந்தனர். அம்முயற்சி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவர்களது கருத்து எளியது: பள்ளிவாசலே நீதி பேசும் இடமானால், அங்கு நுழைய முடியாதவளுக்கு நீதி எங்கே?

இது மார்க்கத்தை மறுக்கும் குரலன்று. மார்க்கத்தினுள் நின்று உரிமை கேட்கும் குரல். திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தின் பெயர் 'வாதிடும் பெண்' எனவும் பொருள்படும். கணவனின் கொடுஞ்சொல்லால் துயருற்ற கவ்லா என்னும் பெண், நபிகள் நாயகத்திடமே வாதிட்டு முறையிட்டார். அம்முறையீட்டை இறைவன் செவியேற்றான் என்றே அவ்வத்தியாயம் தொடங்குகிறது. 4ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம், தம்பதியர் பிணக்கில் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக அமர்த்தச் சொல்கிறது. அன்னை ஆயிஷா, நபித்தோழர்கள் கூறிய செய்திகளையே திருத்தியவர்.

அரபு மொழியும் சட்ட நுணுக்கமும் கல்லாதார் மறைக்குப் பொருள் கூறலாமா என்பர் சிலர். நியாயமான வினாவே. ஆனால், ஜமாஅத்தில் அமரும் ஆண்கள் அனைவரும் ஆலிம்கள் அல்லர். வணிகரும் நிலமுடையோரும் அங்கு உள்ளனர். கல்வியே தகுதி எனில் அது இருபாலார்க்கும் பொதுவாகட்டும். பெண்களுக்கான அரபுக் கல்லூரிகளில் பயின்று 'ஆலிமா' பட்டம் பெற்றோர் இன்று தமிழகத்தில் உள்ளனர். அவர்கள் பாடம் சொல்லலாம், தீர்ப்புச் சொல்லலாகாது என்பது எவ்வகை நியாயம்?

நீதிமன்றங்களும் தலையிட்டுள்ளன. வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தலாக் சான்றிதழ் வழங்குவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2017 சனவரியில் தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. ஆயினும், சட்டம் ஒரு தீர்ப்பைத் தடுக்கலாம். ஊர் அவையில் ஓர் இருக்கையைத் தந்துவிடாது. அதனை அச்சமூகமே தரவேண்டும்.

கவிஞர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. சொல்லுக்குப் பொருள் காணும் உரிமை எவருக்கு என்பது இலக்கியத்தின் வினாவும் ஆகும். கச்சிப்பிள்ளையம்மாளின் மாலையைப் போற்றும் சமூகம், மஹர் கேட்டு வரும் ஒரு பெண்ணின் மனுவையும் அவள் சொல்லாலேயே கேட்கட்டும். இறைவன் செவியேற்றதை ஊர் கேட்க மறுத்தல் தகுமோ?