பிறந்த நாள் தெரியாத துணைவேந்தர்

(வெள்ளானூரில் செய்த சொற்பொழிவு)



அமெரிக்காவில் ஹோவார்டு சர்வகலாசாலை என்று ஒன்று இருக்கிறது. நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களின் படிப்புக்காக 1867-ல் ஏற்பட்டது. ஆனால் அதன் நிரந்தரத் தலைவர் நாற்காலியில் ஒரு கறுப்பர் உட்கார 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி உட்கார்ந்தவர் மார்டெகாய் ஜான்சன். கல்வி யாருக்கோ, அதிகாரம் வேறு யாருக்கோ என்பதுதான் அங்கும் ஏற்பாடு. அங்கே நிறம், இங்கே ஜாதி.

நம் நாட்டில் அப்படி உயர்ந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம். அவர் கே. ஆர். நாராயணன். திருவிதாங்கூரில் உழவூர் என்ற கிராமம். வைக்கம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் பெரியார் சிறை சென்றாரே, அந்தப் பக்கத்து ஊர்தான். தேங்காய் பறிப்பதே தொழில் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியில் பிறந்தார். தகப்பனார் நாட்டு வைத்தியர். வைத்தியத்துக்கு மரியாதை இருந்தது. வீட்டில் பணம் இல்லை.

என்று பிறந்தார்? யாருக்கும் தெரியாது! பள்ளியில் சேர்க்க அழைத்துப் போன மாமா, கேட்டவுடன் வாய்க்கு வந்தபடி 1920 அக்டோபர் 27 என்று எழுதி வைத்தார். அதுவே கடைசி வரை நின்றது. ஜாதகம் கையில் இல்லாமல் மூத்திரம் போகவும் நல்ல நேரம் பார்க்கும் கனவான்கள் இதைச் சற்று யோசிக்கட்டும். நட்சத்திரமும் லக்கினமும் இல்லாத ஒரு பிள்ளை இந்தியாவின் குடியரசுத் தலைவராக ஆயிற்று. 1951-ல் பர்மா தேசத்துப் பெண்ணை மணந்து கொண்டார். அதற்கு எந்த ஜோசியன் பொருத்தம் பார்த்திருப்பான்?

படிப்புக்கு வருவோம். தினம் 15 கிலோமீட்டர் நடை. இங்கிருந்து ஆவடிக்கு நடந்து போ என்றால் நம் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அவ்வளவு தூரம் வயல் வரப்பில் நடந்து போனால், சம்பளம் கட்டவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். வெளியே நின்றபடியே பாடத்தைக் கேட்டார். புத்தகம் வாங்க முடியாது. காச நோய் போல இழுக்கும் ஆஸ்துமாவால் வீட்டோடு கிடந்த அண்ணன் நீலகண்டன், இரவல் புத்தகங்களைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த அண்ணனுக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை. நம்மைக் கேட்டால் பாதிப் பட்டம் அவருக்குச் சேர வேண்டியது.

1943-ல் திருவிதாங்கூர் சர்வகலாசாலையில் இங்கிலீஷ் இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். விரிவுரையாளர் உத்தியோகம் கேட்டார், கிடைக்கவில்லை. தகுதி, திறமை என்று இன்றும் கூச்சல் போடுகிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: முதல் வகுப்புக்கு மேல் என்ன தகுதி? வேறு எதுதான் குறைந்தது?

பிறகு டாட்டா உதவிச் சம்பளத்தில் லண்டன் போனார். அங்கே பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி அவருக்கு ஆசிரியர். லாஸ்கி கொடுத்த கடிதத்தோடு வந்து நேருவைப் பார்த்தார். 1949-ல் அயல்நாட்டு உத்தியோகம் கிடைத்தது. சீனாவுக்குத் தூதராகப் போனார். அந்த உத்தியோகங்களை எல்லாம் விவரிக்க நேரமில்லை. விரிவுரையாளராகக்கூட வேண்டாம் என்று சொந்த ஊர் சர்வகலாசாலை தள்ளிய அவர், 1979 ஜனவரியில் டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலைக்குத் துணைவேந்தராக ஆனார். வேலை கேட்டு நின்றவர், வேலை கொடுக்கும் இடத்துக்கு வர 36 வருஷம்! அங்கே இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவுதான். ஆனாலும் தம் பொது வாழ்வுக்கு அஸ்திவாரம் அதுவே என்று பின்னால் அவரே சொன்னார்.

1997-ல் குடியரசுத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தாழ்த்தப்பட்டவர் அவர். மாளிகையில் அமர்ந்து கையெழுத்துப் போடுவதோடு நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளை நியமிக்கும் பைல் வந்தபோது, தாழ்த்தப்பட்டோரிலும் பழங்குடியினரிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். எழுதியது தப்பு என்று அப்போது பெரிய இடத்தில் பலர் முகம் சுளித்தார்கள். 2000-ல் கே. ஜி. பாலகிருஷ்ணன் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானார்; 2007 ஜனவரியில் தலைமை நீதிபதியுமானார். அந்த நாற்காலியில் ஒரு தாழ்த்தப்பட்டவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அதைப் பார்க்க நாராயணன் இல்லை. 2005 நவம்பர் 9-ந் தேதி இறந்து போனார். அந்தத் தேதி மட்டும் எல்லோருக்கும் தெரியும்.